பொட்டு வைத்த பக்கம்

இஞ்சரப்பா,

இன்று காலை குளியலறைக் கதவின் பிணைச்சலுக்குத் தையல் மெஷின் எண்ணெய் விட்டேன். மூன்று சொட்டுப் போதும். நீங்கள் விட்டால் மூன்று சொட்டு கதவுக்கும் மிச்சம் நீங்கள் உடுத்திருக்கும் சாரத்துக்கும் போகும். அந்த எண்ணெய் மணம் மூக்கில் ஏறியதும், நீங்கள் நிலையடியில் குந்தியிருந்து, "இப்ப சத்தம் வருதோ? ஒருக்கா ஆட்டிப் பாரும்" என்று கேட்பது போலவே இருந்தது. ஆட்டிப் பார்த்தேன். சத்தம் வரவில்லை. பிறகு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். பதினொரு வருடமாக உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்த கதை ஒன்று இருக்கிறது.

எல்லாம் என் முழங்காலால் வந்தது. மாரி மழையில் குடையும் கையுமாக, வளவின் கடைசியில் இருந்த கக்கூசுக்கு நான் நொண்டி நொண்டிப் போவதைக் குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பீர்கள். ஓய்வு பெற்று வந்த அடுத்த கிழமை, "பின்னறையோடை கக்கூசும் சேர்த்து ஒரு குளியலறை கட்டுவம். நானே கட்டுறன்" என்றீர்கள். கந்தோரில் முப்பது வருடம் பேனை மட்டும் பிடித்த மனிதர் இப்படிச் சொன்னால் யார்தான் சிரிக்காமல் இருப்பார்கள்? நான் நன்றாகவே சிரித்தேன்.

முதல் சுவர் நாலடி எழுந்தபோது, அடுத்த வீட்டு வேலைக்கு வந்திருந்த மூதூர் மேசன் நானா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "சுவர் நல்லாத்தான் வருது சேர். கொஞ்சம் பிள்ளைத்தாச்சி மாதிரி இருக்கு" என்றார். சுவர் நடுவில் வயிறு தள்ளிக்கொண்டுதான் நின்றது. நீங்கள் கோபிக்கவில்லை. அன்று பின்னேரமே பிரித்துப் போட்டுவிட்டு, சுவர் நேர் பார்க்கிற தூக்குக்குண்டை அவரிடமே இரவல் வாங்கி மறுபடி கட்டினீர்கள். உங்களிடம் எனக்குப் பிடித்ததும் பிடிக்காததும் இந்த ஒரு குணம்தான்.

பிறகு கதவு நிலை வைக்கிற நாள் வந்தது. நேரம் பார்க்க வேண்டும் என்று நான் நின்றேன்.

"குளியலறைக்கு ஆரப்பா நேரம் பாக்கிறது?"

"நிலை எண்டா நிலைதான். நேரம் பாத்துத்தான் வைக்கோணும்."

சாத்திரியார் காலை ஏழு பத்திலிருந்து ஏழரைக்குள் என்று தந்தார். அன்று விடிய எழும்பி, சுவரில் சாய்த்து வைத்திருந்த நிலைக்கு மஞ்சள் பூசி, சந்தனமும் குங்குமமும் வைத்து, மாவிலை கட்டினேன். நீங்கள் வெளியில் சாந்து குழைத்துக்கொண்டிருந்தீர்கள். தண்ணீர் கூடிவிட்டது என்று சீமெந்து போட்டீர்கள், இறுகிவிட்டது என்று தண்ணீர் விட்டீர்கள். ஏழு இருபது ஆகியும் உங்கள் குழையல் முடியவில்லை. "கெதியா வாங்கோ, நேரம் போகுது" என்று நான் கத்தினேன். நீங்கள் ஓடி வந்து நிலையைத் தூக்கி நிறுத்திக்கொண்டு, மூச்சு வாங்க, "எந்தப் பக்கமப்பா அறைப் பக்கம்?" என்று கேட்டீர்கள்.

"பொட்டு வைச்ச பக்கம்" என்றேன்.

நீங்கள் ஒரு சொல்லும் கேளாமல் அப்படியே வைத்தீர்கள்.

நேரத்துக்குள் முடித்துவிட்ட சந்தோசத்தில் இருவரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டு அழகு பார்த்தோம். அப்போதுதான் உங்கள் கண் நிலையின் வெட்டில் போய் நின்றது. கதவு உட்காருகிற வெட்டு குளியலறைப் பக்கம் இருக்க வேண்டும், கதவு உள்ளே திறக்க வேண்டும் என்பதுதான் நீங்கள் போட்ட கணக்கு. வெட்டோ அறையைப் பார்த்துக்கொண்டு நின்றது. வெட்டு இருந்த முகத்தில்தான் நான் பொட்டை வைத்திருந்தேன்.

"மாறி வைச்சிட்டன் போல" என்றீர்கள். "சாந்து இன்னும் பச்சைதான். இப்பவே கழட்டித் திருப்பி வைக்கலாம்."

"நேரத்துக்கு வைச்ச நிலையைக் கழட்டக்கூடாது. அப்பிடியே விடுங்கோ" என்றேன்.

பிழை என்னுடையது என்று எனக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. வாய் வரைக்கும் வந்தது. ஆனால் நீங்களே உங்கள் தலையில் போட்டுக்கொண்டீர்கள், நானும் சும்மா இருந்துவிட்டேன்.

அறைப் பக்கம் திறந்த கதவு அலுமாரியில் இடித்தது. அலுமாரியைத் தள்ளினால் ஜன்னல் பாதி மறைந்தது, துறைமுகத்திலிருந்து வருகிற காற்றும் பாதியாய்ப் போனது. குளியலறைத் தரை ஊற்றினீர்கள். ஒரு வாளி தண்ணீரை விட்டுப் பார்த்தால், அது குழாய்ப் பக்கம் போகாமல் கட்டிலுக்குக் கீழே போய்த் தேங்கியது. கொத்தி எடுத்து மறுபடி ஊற்றினீர்கள். மூன்றாம் தரம் தண்ணீர் போக வேண்டிய வழியில் போனபோது, கிணற்றிலிருந்து வாளி வாளியாய் அள்ளி ஊற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். நான் தேத்தண்ணியை இரண்டு தரம் சூடாக்கினேன். அந்த மாரியில் குடை இல்லாமல் கக்கூசுக்குப் போன முதல் நாள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதையும் நான் உங்களுக்குச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொன்னதெல்லாம் வேறு. "இது இவர் வைச்ச நிலை. உலகத்துக்கு ஒரு பக்கம் எண்டால் இவருக்கு ஒரு பக்கம்" என்பேன். சனம் சிரிக்கும். நீங்களும் சேர்ந்து சிரிப்பீர்கள். உங்கள் செத்தவீட்டுக்கு வந்த உறவுகளிடம்கூட அழுகைக்கு நடுவில் அந்தக் கதவுக் கதையைச் சொன்னேன். அவர்களும் அழுதுகொண்டே சிரித்தார்கள். பொட்டைப் பற்றி அன்றைக்கும் நான் வாய் திறக்கவில்லை.

நீங்கள் போய் இரண்டு வருடம். போன மாரியில் ஒரு காலை, மகள் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போக ஆயத்தமாகிக்கொண்டிருந்தாள். நான் குளியலறையில் சவர்க்காரத்தில் கால் வழுக்கி விழுந்தேன். தலை சுவரில் அடித்தது. இடுப்பை அசைக்க ஏலவில்லை. என் உடம்பு முழுப் பாரத்தோடும் கதவுக்குக் குறுக்கே கிடந்தது. கண்ணுக்குள் இரத்தம் வடிந்தது. கூப்பிடப் பார்த்தேன், சத்தம் வரவில்லை. விழுந்த சத்தம் கேட்டு மகள் ஓடி வந்தாள். அவள் சொல்லி நான் கதவுக்கு உள்ளுக்குக் கொண்டி போடுவதை விட்டு நாளாகியிருந்தது. அவள் இழுத்தாள், கதவு என்னைத் தொடாமல் அறைப் பக்கம் திறந்துகொண்டு போனது.

என்னைத் தூக்க வந்த அம்புலன்ஸ் தம்பி நிலையைத் திரும்பிப் பார்த்தார். "உள்ளுக்குத் திறக்கிற கதவெண்டால் அம்மாவைத் தள்ளித்தான் திறந்திருக்கோணும். இல்லாட்டி உடைக்கோணும்" என்றார். ஆசுபத்திரியில் தலைக்கு ஆறு தையல். இடுப்பெலும்பில் வெடிப்புத்தான், எலும்பு விலகவில்லை, அசைத்திருந்தால் கதை வேறு என்றார் டொக்டர். மூன்று மாதம் கட்டிலில் கிடந்து அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது பொல்லு ஊன்றி நடக்கிறேன். நேற்று, கைபிடிக் கம்பி பூட்டுவதற்கு மகள் மரவேலை ஓடாவியாரைக் கூட்டி வந்தாள். அவர் வந்ததும் வராததுமாக, "நிலை பிழையா வைச்சிருக்கு அம்மா. திருப்பி வைச்சுத் தரட்டோ? ஜன்னலும் முழுசாத் திறக்கலாம்" என்றார்.

"வேண்டாம்" என்றேன். "அது அவரின்ரை பிழை இல்லை. பொட்டை மாறி வைச்சது நான். அவர் நான் சொன்ன பக்கம் வைச்சவர்."

சொல்லி முடித்துவிட்டுத் திரும்பினேன். மகள் முகத்தில் ஆச்சரியத்தைத் தேடினேன். அவள் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"எனக்குத் தெரியுமம்மா. அப்பா அப்பவே சொன்னவர். 'கொம்மாட்டைக் கேளாதை, அவவா ஒருநாள் சொல்லுவா' எண்டவர்."

ஒன்பது வருடமப்பா. தெரிந்துகொண்டே என் பகிடிக்கெல்லாம் கூடச் சிரித்திருக்கிறீர்கள். முதலில் வெட்கமாக இருந்தது, பிறகு உங்களில் நல்ல கோபம் வந்தது. இரவு படுத்த பிறகுதான் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கிப் போயிருப்பது தெரிந்தது. விழுந்த நாளுக்குப் பிறகு நேற்றுத்தான் விடியும் வரை நித்திரை கொண்டேன்.

ஜன்னல் பாதிதான் திறக்கும், இருக்கட்டும். வருகிற காற்று எனக்குக் காணும். எண்ணெய் விட்டு முடித்து, குங்குமச் சிமிழை எடுத்து வந்து நிலைக்குப் பொட்டு வைத்தேன், அன்று வைத்த அதே முகத்தில். இந்தத் தரம் வெட்டு எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் வைத்தேன்.