செருப்பைக் கழற்றிவிட்டு ஏறும் வண்டி

ஏப்ரல் 3, வியாழன்

வண்டியின் ஸ்க்ரீன் இன்றைக்கும் உறைந்துபோனது. மாதா பாட்டு பாதியில் நின்றுவிட்டது. எஞ்சினை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால்தான் அதற்கு உயிர் வருகிறது. வாங்கி நாலு வருடம் ஆகிறது. ஏசியைப் போட்டால் ஈரத்துணி நாற்றம். போன மழைக்கு எலி வயரைக் கடித்ததிலிருந்து பின்பக்க சென்சார் நாய் வந்தாலும் கத்துகிறது, வராவிட்டாலும் கத்துகிறது. ஆனால் இவருக்கு அது இன்னும் நேற்று எடுத்த புது வண்டிதான். ஃபாதர் மந்திரித்துக் கொடுத்த நாளிலிருந்து அதில் யாரும் செருப்போடு ஏறியதில்லை. கழற்றிப் பையில் போட்டு, டிக்கியில் வைத்துவிட்டுத்தான் ஏறவேண்டும். இவரும் வெறுங்காலோடுதான் ஓட்டுவார். "வீட்டு ஹாலுக்குள்ள செருப்பு போட்டுட்டு நடப்பியா சௌந்தரி?" என்பார். என் அண்ணன் ஒருமுறை ஷூவோடு காலைத் தூக்கி வைக்கப்போய் வாங்கிய வசவை இன்னும் மறக்கவில்லை.

இதையெல்லாம் எழுத உட்காரவில்லை. இன்றைக்கு ஆவடி செக்போஸ்ட் சிக்னலில் நின்றுகொண்டிருந்தபோது வண்டி தானாக முன்னால் பாய்ந்தது. முன்னால் நின்ற பைக்குக்கு ஒரு சாண் விட்டு நின்றது. அந்த பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்தவள் மடியில் கைக்குழந்தை. அவர்களுக்கு ஒன்றுமே தெரியாது, பச்சை விழுந்ததும் போய்விட்டார்கள். "ஆட்டோமேட்டிக் வண்டி, எப்பவாவது இப்படி இழுக்கும்" என்றார் இவர். இழுக்குமா? நாலு வருடமாக இழுக்காதது இப்போது எதற்கு இழுக்கிறது?

ஏப்ரல் 5

மார்க்கெட்டுக்கு ஷேர் ஆட்டோவில் போனேன். வண்டி இருக்கும்போது எதற்கு என்று கேட்டார். சும்மா என்றேன்.

ஏப்ரல் 9, புதன்

பூந்தமல்லியில் யூசுப்பின் ஷெட்டுக்குக் கொண்டுபோனோம். கம்பெனி சர்வீஸில் ஏற்கெனவே பார்த்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். இவருக்கு நம்பிக்கையான மெக்கானிக் யூசுப்தான். காலையில் விட்டதை மாலையில் எடுக்கப் போனால் அவனும் கையை விரித்தான்.

"நானே நசரத்பேட்ட வரிக்கும் ஓட்டிகினு போய் வந்தேன் அண்ணாத்தே. பட்டு மாரி போவுது. இன்னா கம்ப்ளைன்ட்னே தெர்ல."

இவருக்குக் கோபம். ஃபேக்டரியில் ராணுவ டேங்க்குக்கே இன்ஜின் மாட்டுகிறவருக்கு ஒரு கார் இழுக்கிறதா இல்லையா என்று தெரியாதா? வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார். எனக்குக் கோபம் வரவில்லை. கோளாறு என்று ஒன்று இருந்தால் சரி செய்துவிடலாம். கோளாறே இல்லை என்றால் என்ன செய்வது? தினமும் காலையில் ஹெலினாவை அதில்தான் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறார். என் பிள்ளை முன்சீட்டில் உட்கார்ந்து போகிறாள்.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

இவர் குளிக்கும்போது பானெட்டில் தீர்த்தம் தெளித்தேன். காய்ந்து புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. யார் வேலை என்றார். காக்கா என்றேன்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

கோயில் காம்பவுண்டில் வண்டியை நிறுத்தும்போது ஹெலினா எப்போதும்போல முதலில் இறங்கிக்கொண்டாள். முன்னால் நின்று "வா வா" என்று கைகாட்டினாள். சின்ன வயதிலிருந்தே அது அவள் வேலை. பதினாலு வயது ஆகியும் விட்டுக்கொடுக்க மாட்டாள். அவளுக்குப் பின்னால் சுவர். இவர் மெதுவாகத்தான் உருட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று இன்ஜின் உறுமியது. வண்டி பாய்ந்தது. புதுச் சுடிதாரோடு அவள் மாதா சிலை இருக்கும் கெபியின் படிக்கட்டுப் பக்கம் தாவி விழுந்தாள். பம்பர் சுவரில் இடித்து நொறுங்கியது. இடித்த பிறகும் வண்டி நிற்கவில்லை, சுவரை முட்டிக்கொண்டே சக்கரம் சுற்றியது.

"பிரேக் புடிக்கல, பிரேக் புடிக்கல" என்று கத்தினார்.

நான் குனிந்து பார்த்தேன். மாதாவே, ஏன் பார்த்தேன். வெறுங்கால். விரலெல்லாம் வெளுக்க அழுத்திக்கொண்டிருந்தார். அழுத்தியது பிரேக்கை இல்லை.

கியரை நியூட்ரலுக்குத் தள்ளியது நான்தான். எப்படித் தோன்றியதோ.

எல்லாரும் ஓடிவந்தார்கள். கம்பெனி மேல கேஸ் போடுங்க அந்தோணிராஜ், சும்மா விடாதீங்க என்றார்கள். இவர் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். ஹெலினாவுக்கு முழங்கையில் மட்டும் சிராய்ப்பு. பூசைக்குப் போய் நின்றேன். என்ன ஜெபித்தேன் என்று கேட்டால் தெரியாது.

ஏப்ரல் 21

நான் பார்த்தது சரியா? பதற்றத்தில் பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் ஒன்றுபோலத்தானே தெரியும். அவர் அழுத்தியது பிரேக்காகவும் இருக்கலாம். இல்லை. இல்லை, நான் பாத்தேன்.

ஏப்ரல் 26, சனி

பம்பருக்காக வண்டி ஷெட்டில் கிடக்கிறது. வீட்டு வாசலில் அந்த இடம் காலியாக இருப்பதைப் பார்த்தால் கொஞ்சம் மூச்சு வருகிறது. திரும்பி வராமலே போகட்டும்.

சாயங்காலம் பால் வாங்கிக்கொண்டு வந்தார். கேட்டிலிருந்து நடையெல்லாம் கடந்து கதவு வரைக்கும் வந்துவிட்டார். வலது செருப்பு கேட் பக்கத்திலேயே கிடந்தது. ஒற்றைச் செருப்போடு வந்திருக்கிறார், அவருக்கே தெரியவில்லை. நான் எடுத்துவந்து போட்டேன். கவனிக்காத மாதிரி இருந்துகொண்டேன்.

மே 11, ஞாயிறு

வண்டி செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. நசரத்பேட்டையில் கல்யாணம், வரமாட்டேன் என்று சொல்ல ஒரு சாக்கு கிடைக்கவில்லை. மண்டபத்துக்கு எதிர்ப்பக்கம் ரோட்டோரம் நிறுத்தியிருந்தோம். சாப்பிட்டு முடித்துக் கிளம்பும்போது உச்சி வெயில், கத்திரி வேறு. இவர் செருப்பைக் கழற்றி டிக்கியில் வைத்தார். அந்த நேரம் பார்த்து ஃபேக்டரி நண்பர் ஒருவர் பிடித்துக்கொண்டார். டிரான்ஸ்ஃபர், குவார்ட்டர்ஸ், யாருக்கு எந்த பிளாக் என்று பேச்சு நீண்டது. தார் உருகுகிற ரோட்டில் வெறுங்காலோடு அசையாமல் நின்று பேசுகிறார். எனக்குச் செருப்பைத் தாண்டிச் சூடு ஏறுகிறது, நான் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறேன்.

"கால் சுடலையா உங்களுக்கு?"

"எல்லாம் பழக்கம்தான்."

வீட்டுக்கு வந்த கொஞ்ச நேரத்தில் ஹெலினா கூப்பிட்டாள். "அம்மா, ஹால்ல யாரு தண்ணி ஊத்துனது? அங்கங்க ஈரமா இருக்கு." நான் துடைக்கப் போனேன். ஈரம் பாத்ரூமிலிருந்து வரவில்லை, இவர் நாற்காலியிலிருந்து வந்தது. பாதத்தைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளங்காலில் பாதி தோல் கொப்பளித்து உடைந்து தொங்குகிறது. அதோடுதான் வீடு முழுக்க நடந்திருக்கிறார்.

அவரும் அப்போதுதான் பார்த்தார். முகம் செத்துப்போனது.

மே 12

மருந்து போட உட்கார்ந்தேன். இவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என் சேலையிலிருந்த ஊக்கை எடுத்து வலது கால் கட்டைவிரலில் குத்தினேன். லேசாகக் குத்தவில்லை. ரத்தம் மிளகு மாதிரி வந்தது. இவர் பக்கத்தைத் திருப்பி அடுத்த செய்திக்குப் போனார்.

"ஏங்க, நான் குத்துனது தெரிஞ்சுதா?"

"எங்க?"

பிறகு பேப்பரை இறக்கிப் பார்த்தார். அந்தத் துளி ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதிலிருந்து என்று கேட்டேன். கிறிஸ்துமஸிலிருந்து என்றார். பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்காம். முதலில் சுகமாகக்கூட இருந்ததாம்.

தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சே என் பிள்ளைய உக்கார வச்சு ஓட்டியிருக்காரு. நான் என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. அழுதது நினைவிருக்கிறது. அவரும் அழுதார்.

"ஹெலினாவுக்குத் தெரிய வேணாம் சௌந்தரி. வண்டிய விட்டுட்டா நான் என்ன, அம்பத்திரண்டு வயசுலயே கிழவனா?"

மே 15, வியாழன்

டாக்டர் பாதத்தில் என்னென்னவோ வைத்துப் பார்த்தார். சர்க்கரையால் நரம்பு உணர்ச்சி போய்விட்டது என்றார். புண் ஆறும்வரை பயப்படத்தான் வேண்டும் என்றார். "வீட்டுக்குள்ளயும் செருப்பு போடணும். வெறுங்கால்ல ஒரு அடி கூட வைக்கக் கூடாது. கார், பைக் எதுவும் ஓட்டாதீங்க." இவர் சரி சார், சரி சார் என்றார்.

வெளியே வந்ததும் நேராக ஸ்டேரிங் பக்கம் போனார். கட்டுப் போட்ட காலிலிருந்து செருப்பைக் கழற்றினார்.

நானும் ஏறி உட்கார்ந்தேன். ஏன் உட்கார்ந்தேன்? வாய் இல்லையா எனக்கு? ஆட்டோ கிடைக்காதா? வீடு வரும்வரை ஜெபமாலை மணியை உருட்டிக்கொண்டு அவர் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததுதான் அவருக்குத் தைரியம்.

மே 24

ஸ்கூல் திறந்ததும் நானே விடுறேன், புண்ணு ஆறிட்டு வருது என்று சாப்பிடும்போது சொன்னார்.

பாத்திரம் கழுவும்போது ஹெலினா பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மா, ஈஸ்டர் அன்னிக்கு அப்பா பிரேக் மிதிச்சாருல்ல?"

"ஆமா" என்றேன்.

"எனக்குத் தெரியும். நான் எதிர்லதான இருந்தேன், அப்பா மூஞ்சியப் பாத்தேன். அவ்ளோ அழுத்தி மிதிச்சாரு. வண்டிதான் சரியில்ல. இத வித்துட்டு வேற வாங்கச் சொல்லும்மா."

வேறு வாங்கினாலும் இவள் அதன் முன்னால் நின்று "வா வா" என்பாள்.

மே 29, வியாழன்

எனக்கு லைசென்ஸ் இருக்கிறது. வண்டி வாங்கிய வருடம் எடுத்தது. எடுத்ததோடு சரி. நான் ஸ்டேரிங்கைத் தொட்டாலே "ஏய் பிரேக்கு, ஏய் லெஃப்டு" என்று இவர் போடுகிற சத்தத்தில் ஆசை விட்டுப்போயிற்று. யூசுப்புக்கு போன் செய்து, இவரிடம் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை. அவனுடைய பழைய காரில் வேப்பம்பட்டுப் பக்கம் காலி மனைகளுக்கு நடுவில் மூன்று நாளாக ஓட்டுகிறேன். அம்மா வீட்டு வேலை என்று வீட்டில் பொய்.

"இன்னாக்கா, ஸ்டேரிங்க இம்மா கெட்டியா புட்ச்சிகினு கீற? அது எங்கயும் ஓடிப்பூடாது."

இன்றைக்கு மெயின் ரோட்டில் ஏற்றினான். எதிரே மணல் லாரி வந்தபோது கண்ணை மூடிவிட்டேன். அவன்தான் ஸ்டேரிங்கைப் பிடித்தான். என்னால் முடியாது. நான் ஓட்டியே ஹெலினாவைக் கொன்றுவிட்டால்?

ஜூன் 1, ஞாயிறு

நாளைக்குப் பள்ளி. யூனிஃபார்ம் இஸ்திரி போட்டு வைத்திருக்கிறது. இவர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார், சீட்டி வேறு. சாவி இரண்டில் ஒன்று என் ஜாக்கெட்டுக்குள் இருக்கிறது.

ஜூன் 2, திங்கள்

அவர்கள் கிளம்புவதற்கு முன்பே போய் ஸ்டேரிங் பக்கம் உட்கார்ந்துவிட்டேன். செருப்பைக் கழற்றவில்லை. பெல்ட் போட்டுக்கொண்டேன்.

இவர் வந்து கண்ணாடியைத் தட்டினார். "இறங்கு."

"மாட்டேன்."

"புள்ள முன்னாடி நாடகம் போடாத சௌந்தரி."

"அப்ப நீங்களே அவகிட்ட சொல்லுங்க. இல்லன்னா நான் சொல்றேன்."

ஹெலினா இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு பையோடு நின்றாள். இவர் கொஞ்ச நேரம் பானெட்டில் கைவைத்து நின்றார். பிறகு சுற்றிப்போய் இடது பக்கம் ஏறினார். அவள் பின்னால் ஏறினாள். "அம்மா ஓட்டப் போறியா?" என்றாள். சாவியைத் திருப்பினேன்.

குவார்ட்டர்ஸ் கேட்டைத் தாண்டினேன். பிரேக்கில் கால், ஆக்சிலரேட்டரில் கால் என்று ஒவ்வொன்றையும் மனதுக்குள் சொல்லிக்கொண்டுதான் போனேன். பின்னால் ஹாரன் மேல் ஹாரன். போகட்டும். இவர் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

செக்போஸ்ட் சிக்னலை நெருங்கும்போது ஒரு ஷேர் ஆட்டோ குறுக்கே ஒடித்தது. மிதித்தேன். நின்றது. நன்றாகவே நின்றது. திரும்பிப் பார்த்தேன். இவர் வலது கால் தரை விரிப்பை அழுத்திக்கொண்டிருந்தது, தொடை விறைத்து நின்றது.

"மிதிக்காதீங்க. அந்தப் பக்கம் பிரேக் இல்ல."

"நான் எங்க மிதிச்சேன்?" என்றார். உண்மையாகத்தான் கேட்டார்.

ஹெலினா இரண்டு சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டி எட்டிப் பார்த்தாள்.

"மிதிச்சுட்டுதாம்ப்பா இருக்க. இப்பவும்."

இவர் குனிந்து பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் முழங்காலுக்கு அடியில் பிடித்து, அந்தக் காலைத் தூக்கிப் பின்னால் வைத்தார். ஹெலினா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சை விழுந்தது, நான் வண்டியை எடுத்தேன். பள்ளி வரும்வரை அவள் கை அப்பா தோளிலேயே இருந்தது.