மிதவையைத் தொட்டுவிட்டேன், அந்தோணி

அன்பு மச்சான் அந்தோணி,

நேற்று ஞாயிற்றுக்கிழமை. ஜங்லிகாட் கரையிலிருந்து நீந்திப் போய், அந்தச் சிவப்பு மிதவையைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன். நான்தான், ஆபீஸ் நாற்காலி பிதுங்க உட்கார்ந்திருக்கும் உன் ராமசாமிதான். நம்புகிறாயா?

ஃபீனிக்ஸ் பே ஏற்றத்தில் பாதி வழியில் மூச்சுவாங்கி நான் சரிந்து உட்கார்ந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? "உடம்பைக் குறைக்காவிட்டால் நாற்பதைத் தாண்ட மாட்டீர்" என்றார் டாக்டர். நீயோ படகுப் பட்டறையில் உளியைக் கீழே வைத்துவிட்டு, "அடுத்த கிறிஸ்துமஸுக்குள்ள மச்சான் அந்த மிதவையத் தொட்டுருவாரு, நான் பொறுப்பு" என்று படகு வேலைக்காரர்கள் அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டாய். அன்றிலிருந்து விடிந்தால் என் ஜன்னலில் உன் குரல். காய்ச்சல் என்று முனகினால், நெற்றியைத் தொட்டுப் பார்க்க உள்ளேயே வந்துவிடுவாய்.

பாதி தூரம் நீந்தப் பழகிவிட்டேன். அப்புறம் உனக்குக் காமாலை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக இந்தத் தீவுக்கு மெட்ராஸ் கப்பல் வருவதற்குள் நீ போய்விட்டாய்.

நான் கடலை விட்டுவிட்டேன். துக்கம் என்று சொல்லிக்கொண்டேன். துக்கம்தானா, சோம்பலா? இன்றுவரை எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. நாலே மாதத்தில் பழைய தொப்பை திரும்பி வந்துவிட்டது.

ஒரு நாள் உன் செலின் ஆபீசுக்கே வந்து நின்றாள்.

"என்னண்ணே, கடலுக்கு எறங்குறதில்லையாமே?"

"மனசு வரலம்மா."

"அவுக ஊரு பூராவும் சொல்லிட்டுப் போயிருக்காக. எம் புருசன் சொன்ன சொல்லு பொய்யாப் போவணுமா?"

பக்கத்து மேசை தாஸ்பாபு வங்காளி. தமிழ் தெரியாமலே விஷயத்தைப் பிடித்துக்கொண்டு, "கல் ஸே ஜானா, பாய்!" என்றார். நாளையிலிருந்து போயாக வேண்டுமாம்.

செலினுக்கு உன்னைப்போல் கொஞ்சிப் பேசத் தெரியாது. என் மனைவி கோமதியோடு கூட்டுச் சேர்ந்தாள். கடலுக்குப் போகாத நாளில் எனக்கு இட்லி இல்லை, வெறும் கஞ்சி. உன் தம்பி சூசை தினமும் சின்ன டிங்கிப் படகில் என் பக்கத்திலேயே துடுப்புப் போட்டு வந்தான்.

நேற்று, நீ சொன்ன கிறிஸ்துமஸுக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்க, மிதவைக்குப் பத்துக் கை தூரத்தில் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. சூசை துடுப்பை நீட்டினான். "பிடிச்சுக்கோங்கண்ணே, யாரும் பாக்கல."

பிடித்திருக்கலாம். ஆனால் கரைக்கு வந்து செலின் முகத்தில் எப்படி விழிப்பது? வலி விடும்வரை மல்லாந்து மிதந்தேன். பிறகு புரண்டு கை போட்டேன். துருவும் பாசியுமாக இருந்த அந்த இரும்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு சிரித்தேன் பார், சூசை பயந்தே போனான்!

கரையில் தாஸ்பாபு குடையை ஆட்டிக் குதித்தார். செலின் துண்டை என்மேல் எறிந்து, "அவுக இருந்தா, இன்னும் கொஞ்சம் தூரம் போனா என்னன்னு கேட்டிருப்பாக" என்றாள். சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். நீ போனபின் அவள் அப்படிச் சிரித்து நேற்றுத்தான் பார்த்தேன், மச்சான்.

இன்னொரு சேதி. "நம்ம ரெண்டு பேரும் நீச்சல் கத்துக்கிட்டா என்ன?" என்று கோமதி அவளைக் கேட்டிருக்கிறாள். இன்று காலை இருவரும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நின்று போட்ட கூச்சல் உனக்குக் கேட்டிருக்குமோ?

அவர்கள் தரையில் கால் படாமல் நீந்தும்வரை ஒரு நாள் காலையைக்கூடத் தவறவிட மாட்டேன். இது நானாக, யாரும் கேட்காமல் கொடுக்கும் வாக்கு.

செலினுக்கு அண்ணனாகிவிட்ட
உன் மச்சான்,
ராமசாமி