எம்டன் போய் விழுந்த இடம்

என் தங்கையைக் கட்டியவனே, எனக்குக் கூடப் பிறக்காத தம்பியே, கோதண்டம்,

எங்கே உட்கார்ந்து இதை எழுதுகிறேன் என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். மணலியில், ஒரு எண்ணெய்க் கிடங்கின் வாசலில், செக்யூரிட்டி ரூம் பெஞ்சில். செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். சட்டைப் பையிலிருந்த தீப்பெட்டியையும் வாங்கிக்கொண்டார்கள். எழுதுவதற்குத் தாள் கேட்டதும், "மனு எழுதப் போறியா பெர்சு?" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தான் செக்யூரிட்டிக்காரன். மனுதான். உனக்கு.

இப்போது மணி பதினொன்று ஐந்து. பன்னிரண்டரைக்கு உள்ளே சாப்பாட்டு நேரம். அதற்குள் நான் ஒரு ஆளின் பெயரைச் சொல்ல வேண்டும். சொன்னால் அவன் வேலை போகும். சொல்லாவிட்டால் என்ன போகும் என்று நினைக்கவே பயமாயிருக்கிறது மச்சான்.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். குறுக்கே பேசாமல் கேள். இப்போதாவது கேட்பாய் அல்லவா?

நீ போன பதினாறாம் நாள், வியாழக்கிழமை, திருவொற்றியூர்க் கடற்கரையில் கருமாதி முடிந்தது. எல்லாரும் கடலில் குளித்துவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அமுதா ஈரப் புடவையோடு என்னிடம் வந்தாள். "அண்ணா, அவரு ப்ளேன் ஒண்ண அவருக்காக ஒரு தபா பறக்க வுடேன். வூடு பூரா தொங்கிகினு கீது. பாக்கப் பாக்க மனசு ஆற மாட்டேங்குது" என்றாள். உன்னைப் பறிகொடுத்தவள் கேட்கிறாள். நான் எப்படி மாட்டேன் என்பேன்?

தொங்கத்தான் செய்கின்றன. வாலறுந்த மஸ்டாங், ஒற்றை இறக்கை ஜீரோ, மூக்கு நசுங்கிய குண்டுவீச்சு விமானம். ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் பறக்கவிட்டு, தலைகுப்புற விழவிட்டு, திங்கட்கிழமை காரில் ஏற்றிக்கொண்டு ரிப்பேருக்கு உன்னிடம் வருவார்களே பணக்காரர்கள், அவர்களுடைய பொம்மைப் போர் விமானங்கள். காலையில் காசிமேட்டில் படகுக்கு ஃபைபர் ஒட்டுவாய், சாயங்காலம் அதே கையால் இவற்றுக்கு ஒட்டுவாய். மோட்டார், பேட்டரி, ஒயரெல்லாம் என் பொறுப்பு. துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேனுக்கு ஒயரிங் பார்த்தவன் நான். இந்தத் துணுக்கு ஒயரெல்லாம் எனக்கு எம்மாத்திரம் என்று பீற்றிக்கொள்வேன், நினைவிருக்கிறதா?

அத்தனையிலும் நமக்கென்று இருந்தது ஒன்றுதான். எவனோ சுக்குநூறாக்கி, குப்பையில் போடுங்கள் என்று விட்டுப் போன பெரிய ஸ்பிட்ஃபயர். எட்டு மாதம் அதன்மேலேயே கிடந்தாய். வயிற்றுக்குப் படகு ஃபைபர் பூசினாய். இறக்கை சாயாமல் தானே நிமிர்த்திக்கொள்ள உள்ளே ஜைரோ வைத்தாய். கையை எடுத்தாலும் நூல் பிடித்த மாதிரி நேராகப் போகும்படி செய்தாய். அப்புறம் அதற்கு எம்டன் என்று பெயர் எழுதினாய். போயும் போயும் மெட்ராஸில் எண்ணெய் டேங்குக்குக் குண்டு போட்ட கப்பலின் பெயர்! வேறு பெயரே கிடைக்கவில்லையா உனக்கு?

தப்பு என்னுடையது. அதை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். உப்புக் காற்றில் எம்டனின் ரிசீவர் பூத்துப் போயிருந்தது. சிக்னல் வாங்குகிற அந்தச் சின்னப் பெட்டியைக் கழற்றிப் புதிது போட்டேன். ரிமோட்டோடு அதை ஜோடி சேர்க்கும்போது, மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற குச்சி எங்கே இருக்கிறதோ, சிக்னல் அறுந்தால் அதையே செய் என்று அது மனப்பாடம் செய்துகொள்ளும். குச்சியைக் கீழே இறக்கிவிட்டுச் சேர்த்தால், சிக்னல் போன நிமிஷம் மோட்டார் நின்று விமானம் பக்கத்திலேயே இறங்கிவிடும். நான் குச்சியைப் பாதியில் வைத்துச் சேர்த்திருக்கிறேன்.

ரிப்பேர் ஆன விமானத்தைச் சோதிக்காமல் நீ ஒருநாளும் விட்டதில்லை. நான் அதைக் கட்டிப்பிடித்துக்கொள்வேன், நீ ரிமோட்டை அணைப்பாய், மோட்டார் செத்ததும் தலையாட்டுவாய். அது இரண்டு ஆள் வேலை. ஒரு ஆள்தான் மிச்சம் என்று நான் அதைச் செய்யாமலே விட்டேன். அமுதாவையாவது பிடிக்கச் சொல்லியிருக்கலாம். புத்தி வரவில்லை. இன்னொன்று, விமானத்து பேட்டரியை முழுக்க சார்ஜ் செய்தவன், ரிமோட்டின் பேட்டரியை மறந்தே போனேன். நீ போனதிலிருந்து அதற்கு யாரும் சார்ஜ் போடவில்லை.

அன்று சாயங்காலம் அதே கடற்கரையிலிருந்து விட்டேன், கடலுக்கு மேலே இரண்டு சுற்று அருமையாகப் போயிற்று. அமுதா கையெடுத்துக் கும்பிட்டாள். மூன்றாவது சுற்றில் கரையைப் பார்த்துத் திருப்பினேன், ரிமோட் இரண்டு தரம் கூவிவிட்டு அணைந்துவிட்டது. எம்டன் விழவில்லை. கடல் காற்று முதுகைத் தள்ள, நீ வைத்த ஜைரோ இறக்கையைப் பிடிக்க, எங்கள் தலைக்கு மேலே, நெடுஞ்சாலைக்கு மேலே, மேற்கே போய்க்கொண்டே இருந்தது. "பாரு அண்ணா, போறாரு" என்றாள் அமுதா. நான் வேண்டுமென்றே அப்படி அனுப்பியதாக நினைத்துக்கொண்டாள். நானும் ஆமாம்மா என்றேன்.

மேற்கே என்ன இருக்கிறது? மணலி இருக்கிறது. டேங்க் டேங்க்காக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை பூராவும் இங்கே சுற்றுச்சுவர் ஓரமாக நடந்தேன். டேங்கர் லாரிக்காரர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். "இன்னா தேட்ற?" என்று ஒருத்தன் லத்தியை ஆட்டிக்கொண்டு வந்தான். என் நாயைக் காணோம் என்றேன். அவன் பாவம் பார்த்து, "இன்னா கலரு?" என்று கேட்டு அவனும் கொஞ்ச தூரம் கூடத் தேடினான். சனிக்கிழமை எங்கேயோ சங்கு ஊதியது. சோதனைச் சங்குதான் என்று தெரு முழுக்கத் தெரியும். நான் மட்டும் வாசலுக்கு ஓடிப்போய் மேற்கே புகை தெரிகிறதா என்று பார்த்தேன்.

இன்று காலை ஒன்பது மணிக்கு உன் வீட்டுக்குப் போனேன். அமுதா முகத்தில் பதினெட்டு நாளாகக் காணாத தெளிவு. எனக்கு டீ போட்டுக்கொண்டே சொன்னாள், "அண்ணா, நேத்து அவரு போனுக்கு ஒரு ஆளு பேசுனான். எம்டன் அவனாண்ட கீதாம்."

உன் நம்பரை அவள் இன்னும் வைத்திருக்கிறாள் மச்சான். அதைத்தானே விமானத்து வயிற்றுக்குள் எழுதி வைத்திருந்தாய்.

அந்த ஆள் இந்தக் கிடங்கில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கிறவன். வேலை முடிந்து எர்ணாவூரில் வீட்டுக்குப் போனதும் கூப்பிட்டிருக்கிறான். அமுதா அவன் பேசிய மாதிரியே பேசிக் காட்டினாள். "யக்கா, எங்க யார்டுல டேங்க் ஓரமா ஒரு ப்ளேன் வுயுந்து கெடந்துச்சு. ஒடியவே இல்ல, முழுசா கீது. திருப்பித் தரணும்னா எங்க வரணும் சொல்லு." நீ பூசிய ஃபைபர் அப்படி! உடைந்து தூளாகியிருந்தால் எவனாவது பெருக்கித் தள்ளியிருப்பான். நீ நன்றாகச் செய்ததெல்லாம் எனக்கு எதிராகவே திரும்புகிறதே, என்ன செய்ய?

"அவரு செத்துட்டாருப்பா, உனக்கு புள்ளிங்க கீதா?" என்று கேட்டிருக்கிறாள். இரண்டு என்றிருக்கிறான். "அப்ப நீயே வெச்சுக்கோ" என்றிருக்கிறாள். அவனுக்கு ஒரே சந்தோஷம். கேட்டில் சோதனை போடுவார்கள், சமயம் பார்த்து வெளியே எடுத்துக்கொள்கிறேன், அதுவரை ஷெட்டில் சாக்கு போட்டு மூடி வைக்கிறேன் என்றானாம். அப்புறம் கேட்டிருக்கிறான், "பேட்டரி மட்டும் பூரி கணக்கா உப்பிகினு கீதுக்கா. சார்ஜ் போட்டா ஓடுமா?"

அமுதா சொல்லியிருக்கிறாள், "போட்டுப் பாருப்பா. அவரு எந்நேரமும் சார்ஜ் போட்டுகினேதான் இருப்பாரு."

"அப்ப நாளிக்கி சோத்து டைம்ல வாக்கி டாக்கி சார்ஜர்ல ஒயர் சேத்துப் போட்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டானாம்.

டீ டம்ளரைக் கீழே வைத்தேன். அடிபட்டு உப்பின பேட்டரிக்குக் கரண்டு கொடுத்தால் என்ன ஆகும் என்று நாம் ஒருதரம் மொட்டை மாடியில் பார்த்தோமே. பொசுக்கென்று பிடித்து, நெருப்பு சீறி, பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் வாளி உருகி ஓடியது. அது வெறும் மொட்டை மாடி. இங்கே காற்றை மோந்தாலே பெட்ரோல் வாடை.

அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவள்மேல் என்ன தப்பு? இருபது வருஷம் நீ சார்ஜ் போடுவதையே பார்த்தவள். எப்போது போடக்கூடாது என்று நீயும் சொல்லித்தரவில்லை, நானும் சொல்லித்தரவில்லை. பயப்படுவாள் என்று நாம் இரண்டு பேரும் அதை மறைத்தோம், வாளி எங்கே என்று கேட்டதற்குக்கூடக் காக்கா தூக்கிக்கொண்டு போயிற்று என்றாய். அவன் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு வண்டியை எடுத்தேன். அவன் நம்பர் ஸ்விட்ச் ஆஃப். உள்ளே வேலைக்குப் போகிறவர்கள் போனைக் கொண்டுபோகக் கூடாதாம்.

இங்கே வந்து சொன்னால் செக்யூரிட்டிக்காரன் சிரிக்கிறான். "பொம்ம ப்ளேனா? இன்னா பெர்சு, காலைலயே போட்டியா?" தீப்பிடிக்கும் தம்பி என்றேன். "அந்த வார்த்தய இங்க சொல்லாத" என்று மட்டும் முகம் மாறியது. காண்ட்ராக்ட் ஷெட்டுகள் உள்ளே எக்கச்சக்கமாம். "எடுத்தவன் பேர சொல்லு. மேஸ்திரிய வுட்டு இப்பவே இட்டாரச் சொல்றேன். அப்பால அவன் ஜென்மத்துக்கு இந்த கேட்டுக்குள்ள கால வெக்க முடியாது." மேஸ்திரி வேண்டாம், சேஃப்டி அதிகாரியிடம்தான் சொல்வேன் என்றேன். அதிகாரி உள்ளே மீட்டிங்கில். உட்கார் என்றான், உட்கார்ந்தேன்.

இதுதான் மச்சான் என் நிலைமை. திருப்பிக் கொடுக்கவென்று கூப்பிட்டவனை நான் காட்டிக் கொடுப்பதா? அவன் பிள்ளைகள் என்ன பாவம் செய்தன? சொல்லாமல் இருந்தால் அவனே அல்லவா அந்தப் பேட்டரிக்குப் பக்கத்தில் சோறு தின்றுகொண்டிருப்பான்? நீயாயிருந்தால் என்ன செய்வாய்? வாயைத் திறந்து ஒரு தடவை சொல்லேன்.

பதினொன்றே முக்கால். இந்த ஜன்னலிலிருந்து மூன்று டேங்க் தெரிகிறது. வெயிலில் கண் கூசுகிறது. கொக்கு ஒன்று உச்சியில் உட்கார்ந்திருக்கிறது. இன்னும் யாரும் வரவில்லை.

போதும். எழுந்து போய் செக்யூரிட்டிக்காரனிடம் பெயரைச் சொன்னேன். "முருகேசன். எர்ணாவூர். சீக்கிரம் இட்டா தம்பி, உன் கால்ல வுழுறேன்." என் குரலைக் கேட்டு அவன் சிரிப்பு நின்றது. வாக்கி டாக்கியில் பேசிவிட்டு, எந்த ஷெட் என்று மேஸ்திரி தேடிப் போகிறான் என்றான். ஒரு மணி நேரத்தை வீணாக்கியவன் நான். நல்லவனாக இருக்கப் பார்த்து இந்த வேலை செய்தேன்.

பன்னிரண்டு பத்துக்கு அதிகாரி வந்தார். சின்னப் பெண், வெள்ளை ஹெல்மெட். பேட்டரி என்ன வகை, எத்தனை செல் என்று கேட்டார். நான் சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது. புரிந்துவிட்டது அவருக்கு. ஷெட்டைக் காலி பண்ணச் சொல்லுங்க, மணல் எடுத்துட்டுப் போங்க என்று வாக்கி டாக்கியில் கத்திவிட்டு, என் பக்கம் திரும்பி விறுவிறுவென்று கேட்டார்.

"ப்ளேன் யாருது?"

"என்னுதும்மா."

"ஒளிச்சு வெச்சது அந்த முருகேசனா?"

"நான்தாம்மா வெச்சிருக்கச் சொன்னேன். அவன் திருப்பிக் குடுக்கத்தான் கேட்டான். அவன் வவுத்துல அடிச்சிடாதம்மா."

"சார்ஜ் போடச் சொன்னது யாரு?"



"நான்."

"கேட் ரிஜிஸ்டர்ல ஹார்பர் எலெக்ட்ரீஷியன்னு எழுதியிருக்கீங்க. முப்பது வருஷம்னு எழுதியிருக்கீங்க. நீங்களா சொன்னீங்க?"

"ஆமாம்மா. நான்தான் சொன்னேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்படி ஒரு பார்வை என் சர்வீஸில் யாரும் என்னைப் பார்த்ததில்லை. நான் சொன்னதை எழுதி, கீழே கையெழுத்து வாங்கிக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

இப்போது பன்னிரண்டு இருபத்தெட்டு. வாசலில் நின்ற டேங்கர் லாரிகளை எல்லாம் என்ஜினை அணைக்கச் சொல்லிவிட்டார்கள். டிரைவர்கள் இறங்கி ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நிற்கிறார்கள். செக்யூரிட்டிக்காரன் வாக்கி டாக்கியைக் காதோடு வைத்திருக்கிறான், அதில் வெறும் இரைச்சல்தான். என்னையும் வெளியே போகச் சொன்னான். நான் போகவில்லை.

கோதண்டம், இன்னும் அரை மணியில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. முருகேசன் வெளியே வந்தால் அவன் காலைத் தொடுவேன், அவன் வேலைக்காக எவன் வாசலிலும் போய் நிற்பேன். எம்டனைத் திருப்பிக் கேட்க மாட்டேன். ஆனால் ஒன்று, உனக்கு வாக்காகச் சொல்கிறேன். அமுதா போனில் சொன்ன 'போட்டுப் பாருப்பா' என்ற அந்த ஒரு வார்த்தை இனி நான் சொன்னது. அப்புறம் நானும் அவனைக் கூப்பிட்டுப் பேசினேன், என் பேச்சைக் கேட்டுத்தான் அவன் சார்ஜ் போட்டான் என்பேன். எந்த ஸ்டேஷனில் உட்காரவைத்துக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். நாளைக்கு அவளே என் சட்டையைப் பிடித்துக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

இப்படிக்கு,
அமுதாவின் அண்ணன்
தேவராஜ்