பாதை மூடுமுன் இறங்கி வா

பலெர்மோ, கால்சா
விளக்கீட்டுக்கு அடுத்த நாள்

அன்பு மகள் சாம்பவிக்கு,

நானும் அப்பாவும் கடவுள் புண்ணியத்தில் சுகம். நீயும் மருமகன் ஐரிக்கும் உன் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டுமென்று நேற்றுப் பல்கணியில் விளக்கு வைத்துக் கும்பிட்டேன். போன் இருக்க அம்மாவுக்கு என்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் தொடங்க முதலே நீ ஓமம்மா, ஓமம்மா என்று சொல்லிக் கதையை மாற்றிவிடுவாய். கடிதம் என்றால் நீ முழுக்க வாசித்துத்தான் ஆகவேண்டும்.

அப்பாவுக்கு முழங்கால் நோ குறையவில்லை, ஆனாலும் காலமை ரயிலேறிப் பகேரியாத் தோட்ட வேலைக்குப் போகிறதை விடமாட்டாராம். நான் லிபெர்த்தாத் தெரு வீட்டில் அதே வயதுபோன கிளறா சிஞ்ஞோராவைத்தான் பராமரிக்கிறேன். உங்கள் குளிர்நாட்டிலிருந்து நீ அனுப்பின மண்ணிற ஆட்டுப்பால் கட்டியில் அவவுக்கும் ஒரு துண்டு கொடுத்தேன், முகர்ந்து பார்த்துவிட்டு இதைச் சீஸ் என்று சொல்லுகிறவர்கள் எந்த ஊர் ஆக்கள் என்று கேட்டா. எனக்கு அடிப்பிடித்த பால்க்கோவா மாதிரி இருந்தது, அப்பாதான் தேத்தண்ணியோடு கடித்துக் கடித்து முடித்தார். கோடையில் ஆடுகளை மலைக்கு மேலே கொண்டுபோய் அங்கேயே தங்கிப் பால் காய்ச்சுகிற வீட்டுப் படமும் பார்த்தோம், கூரையில் புல் முளைத்து நல்ல வடிவு.

வடிவெல்லாம் கோடையில்தான் பிள்ளை. இப்போது கார்த்திகை. மலை மறைக்கிறதால் இனித் தை முடியும் வரை உங்கள் முற்றத்தில் வெயில் விழாது என்று நீதான் சொன்னாய். இரண்டு பக்கமும் மலை, நடுவில் ஆறு, ஆற்றோரமாய் அந்த ஒரு பாதை. போன கிழமை மேலேயிருந்து பனி சரிந்து பாதையை மூட, இரண்டு நாள் ஒருவரும் வரவும் இல்லை, போகவும் இல்லை என்று சிரித்துச் சிரித்துச் சொன்னாய். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. முதலில் போன் வரைபடத்தில் உன் ஆஸ்பத்திரித் தூரத்தைப் பார்த்துவிட்டு, இதென்ன, இங்கேயிருந்து செபலூ போகிற தூரம்தானே என்று அப்பாவுக்கு ஆறுதல் சொன்னவள் நான். வரைபடத்தில் பனி காட்டாது என்று எனக்கு எப்படித் தெரியும்?

தார் பூசின உங்கள் பழைய மரத் தேவாலயத்து முற்றத்தில் நிற்கிற கல்லையும் படம் எடுத்து அனுப்பினாய். ஐரிக்கின் பூட்டன்மார் காலத்தில் ஒரு நத்தார்ப் பண்டிகைக்கு முந்திப் பனி சரிந்து வந்து வீட்டையும் தொழுவத்தையும் ஆட்களோடு மூடியதாம், கல்லில் இருப்பது அந்தப் பெயர்களாம். பிறகும் அதே காணியில்தான் வீடு கட்டினார்களாம், காணி மூத்த பிள்ளைக்கே போகுமாம், காணியின் பெயரே குடும்பத்துக்கும் பெயராம். நீ பெருமையாகச் சொல்லிக்கொண்டு போகிறாய். நான் அந்தக் கல்லில் கடைசியாய் வெட்டியிருந்த சின்னப் பிள்ளையின் வயதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் மருத்துவிச்சியே நாள் கிட்ட முதல் கீழே நகரத்துக்கு வந்து ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் தங்கச் சொன்னாவாம், நீ மாட்டேன் என்றாயாம். ஏன் என்று கேட்டதற்கு நீ சொன்னது இன்னும் என் காதுக்குள் நிற்கிறது. “அம்மா, இஞ்சை ஒருத்தரும் இடத்தை விட்டுப் போறேல்லை. நான் வெளிக்கிட்டால், வெளியாள் பயந்து ஓடிட்டாள் எண்டு நினைப்பினம்.”

ஓடினால் என்ன, மகள்? யாழ்ப்பாணத்தை விட்டு எல்லாரும் வெளிக்கிட்ட அந்த ஐப்பசி மழையில், நாவற்குழிப் பாலத்தில், துவாயால் சுற்றி என் தோளில் கிடந்தாய் நீ, தலை நிற்காத பிள்ளை. எனக்குச் சீதனமாகத் தந்த புது வீடு, கதவில் பெயின்ற் மணம்கூடப் போகவில்லை. ஆமி வருகுது, வெளிக்கிடுங்கோ என்று ஒலிபெருக்கியில் சொன்னதும் பூட்டினோம், நடந்தோம். எங்களை ஒருவரும் பயந்தாங்கொள்ளி என்று சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் பரவாயில்லை, நீ இருக்கிறாய். ஒரு இடத்தில் நின்று பிடிப்பது உன் மாமியார் ஆக்களின் கெட்டித்தனம், நான் மறுக்கவில்லை. வெளிக்கிடத் தெரிவதும் கெட்டித்தனம்தான், அதற்கு நீ வெட்கப்படுவதுதான் எனக்குக் கவலை. கைக்குழந்தையைப் பனிக்குள் தள்ளுவண்டிலில் வெளியே நித்திரையாக விடுவார்கள் என்று சொன்னாயே, அதற்குக்கூட நான் வாய் திறக்கமாட்டேன். ஐரிக்கும் அப்படி வளர்ந்துதானே இந்த உயரம் நிற்கிறார். காதை மூடித் தொப்பி போடு, அவ்வளவுதான். ஆனால் பிள்ளையை நல்லபடியாகப் பெற்ற பிறகுதானே இந்தக் கதை எல்லாம்.

தலைப்பிள்ளைக்கு மகளைத் தாய் வீட்டுக்குக் கூட்டி வருவது எங்கள் வழக்கம். இத்தனை மாத வயிற்றோடு நீ இங்கே விமானம் ஏறி வர ஏலாது. நான் வரலாம் என்றால், இங்கே இருக்க விடுகிற பெர்மெசோ அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்தபடி, கையில் ரசீது மட்டும்தான், அதை வைத்துக்கொண்டு வேறு நாட்டுக்குப் போக விடமாட்டார்கள். சிஞ்ஞோராவின் மகள் மொனிகா என்னோடு குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோருக்கு வந்து கேட்டா, தைக்கு முதல் சொல்ல முடியாதாம். வெளியில் வந்து படியிலேயே இருந்து அழுதுவிட்டேன். பிறகு கோயிலில் கனகேஸ்வரி அக்காவிடம் சொல்ல, தன் தங்கை இராசேஸ்வரி உன் ஆஸ்பத்திரி இருக்கிற நகரத்தில்தான் கன காலமாய் இருக்கிறா என்று அங்கேயே போன் போட்டுத் தந்தா. முன்பின் தெரியாத மனிசி. நான் விசயத்தைச் சொல்லி முடிக்க முதலே, “மேல் அறை சும்மாதான் கிடக்கு அக்கா, பிள்ளையை வரச்சொல்லுங்கோ, இது அவவுக்குத் தாய் வீடு” என்றா. உடனே விலாசத்தைக் கேட்டு எழுதிக்கொண்டேன்.

ஆகவே உன் மாமியாரிடம் பயம், ஆபத்து என்று ஒன்றும் சொல்லாதே. எங்கள் ஆக்களுக்குத் தலைப்பிள்ளை தாய் வீட்டில்தான், அது எங்கள் வழக்கம் என்று மட்டும் சொல். பரம்பரைக் காணியை இவ்வளவு காலம் காத்த மனிசி, வழக்கம் என்றால் அவவுக்கு விளங்கும், தானே உன் பெட்டியைக் கட்டித் தருவா. ஐரிக்கையும் கூட்டிக்கொண்டு வா, அவருக்கும் இராசேஸ்வரி புட்டு அவிப்பா.

அம்மாளாச்சி உன் பக்கத்திலேயே இருப்பா. நீ தாயும் பிள்ளையுமாய் எழும்ப வேண்டும், அப்பாவின் ஆசீர்வாதமும் அதுதான். ஒன்றை மறக்காதே. மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு எல்லாம் கால்சா வெயிலில் காயவைத்து இடித்து, பிள்ளை பெற்றவுடன் நீ சாப்பிட வேண்டிய சரக்குத் தூள் செய்து பொதி அனுப்பியிருக்கிறேன். உன் மலையடி வீட்டுக்கு அனுப்பவில்லை, இராசேஸ்வரி வீட்டுக்குத்தான் அனுப்பினேன். பாதை திறந்திருக்கும்போதே இறங்கி வந்து எடு.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா
தி. செல்வமலர்