மில் வாசலில் பட்டுச் சேலை

அக்கா,

புதுப் பெயின்ட்டுக்குள்ளாலும் அந்த வாசம் வருகிறது. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனதும் முதலில் பெயின்ட் நெடிதான் அடித்தது. இன்னும் கொஞ்சம் உள்ளே நடந்ததும் சுவரின் செங்கல்லிலிருந்து கொப்பராப் புண்ணாக்கின் வாசம் வந்தது. காறிப்போன எண்ணெயும் புகையும் கலந்த வாசம். நீங்கள் மில்லை விட்டுப் பல காலம் ஆன பிறகும், கொட்டாஞ்சேனை வீட்டில் நீங்கள் தேத்தண்ணீர் நீட்டும்போதெல்லாம் எனக்கு அது வரும். சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள். "அது உங்க மூக்குல இருக்குங்க, என் கையில இல்ல" என்பீர்கள்.

நீங்கள் கொப்பரா பிரித்த எண்ணெய் மில் இப்போது அருங்காட்சியகம். வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் போய், கொட்டாஞ்சேனையில் இறங்கி, அங்கிருந்து ஆற்றுப் பக்கம் த்ரீவீலரில் போனேன். வட கொழும்பின் கதையைச் சொல்லும் இடமாக அதை மாற்றியிருக்கிறார்கள். குறை சொல்லப் போன எனக்கே குறை சொல்ல அதிகம் கிடைக்கவில்லை. எண்ணெய் பிழிந்த இயந்திரங்களைத் துடைத்து, நின்ற இடத்திலேயே நிறுத்தியிருக்கிறார்கள். கொப்பராக் களஞ்சியத்தின் கூரையை மாற்றாமல் வைத்திருக்கிறார்கள். துறைமுகத்துச் சுமைதூக்கிகளின் கொக்கிகள், பழைய தராசுகள், ஆற்றுப் படகு ஒன்றின் பாதி எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொன்றின் கீழும் மூன்று மொழியிலும் குறிப்பு. தமிழில் பிழையும் குறைவு. அரசாங்கப் பலகைகளையே வாசித்துப் பழகிய எனக்கு அது ஆச்சரியம்தான்.

களஞ்சியத்தின் பின்சுவரில், ஆள் உயரத்துக்குப் பெருப்பித்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று. நடுவில் நீங்கள்.

மில் வாசல். உங்களைச் சுற்றி ஒரு கூட்டம் பெண்கள். நீங்கள் சரிகைக் கரை வைத்த பட்டுச் சேலையில், தலை நிறையப் பூவோடு, யாரையோ பார்த்துச் சிரித்தபடி நிற்கிறீர்கள். நான் நிருபராக இருந்த பத்திரிகையின் படப்பிடிப்பாளர் எடுத்த படம் அது. பத்திரிகை மூடப்பட்டபோது பழைய படங்களெல்லாம் கைமாறின. அப்படித்தான் இங்கே வந்திருக்க வேண்டும். கீழே குறிப்பு: "சரஸ்வதி பூசை நாளில் ஆலைப் பெண் தொழிலாளர்கள்."

அங்கே போட்டிருந்த மர வாங்கில் உட்கார்ந்துவிட்டேன்.

அது என்ன நாள் என்று எனக்குத் தெரியும். அதற்கு முதல் நாள்தான் மில்லைப் பூட்டினார்கள். சம்பள உயர்வு கேட்டதற்குப் பதிலாக வாசலில் சங்கிலி. அன்று பின்னேரம் உங்கள் லேனில் பெண்கள் எல்லாரும் கூடியபோது நானும் ஓரமாக நின்றேன். அழுதவர்கள் இருந்தார்கள். ஆளுக்காள் திட்டியவர்கள் இருந்தார்கள். நீங்கள் மட்டும், "நாளைக்கு எல்லாரும் கல்யாணத்துக்குப் போற மாதிரி உடுத்திக்கிட்டு வாங்க" என்றீர்கள். உங்களுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தவர்களில் நானும் ஒருவன்.

"எண்ணெய் படிஞ்ச சீலையோட வாசல்ல நின்னா, பஸ்ல போறவன் பாவம்னு சொல்லிட்டுப் போயிருவான். நமக்கு எதுக்குப் பாவம்? யாரு இவங்கன்னு அவன் எட்டிப் பாக்கணும்" என்றீர்கள்.

மறுநாள் காலை வந்தவர்களைப் பார்த்து வீதியே நின்றது. மலைநாட்டிலிருந்து கொழும்புக்கு வந்த குடும்பத்துப் பெண்கள், உங்களைப் போல, பெட்டியின் அடியில் கிடந்த கல்யாணப் பட்டோடு வந்தார்கள். கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையும் கழுத்தில் செபமாலையுமாக வந்தார்கள். சிங்களப் பெண்கள் பௌர்ணமிப் போயாவுக்குப் பன்சலையில் புத்தரைக் கும்பிடப் போகும் வெள்ளை உடுப்பில். ஒவ்வொருத்தியும் தனக்கு எது நல்லதோ அதை உடுத்தியிருந்தாள்.

கூட்டத்தைக் கலைக்க வந்த பொலிஸ்காரர் சிங்களத்தில் கேட்டார்: "என்ன நோனா, இங்க கல்யாண வீடா?"

நீங்களும் சிங்களத்திலேயே திருப்பிக் கொடுத்தீர்கள்: "ஓம் ராலஹாமி. மாப்பிள்ளை உள்ளுக்குப் பூட்டிக்கொண்டு இருக்கிறார். வெட்கமாம். நீங்க சொன்னாலாவது திறப்பாரா பாருங்க."

அவர் சிரித்துவிட்டார். நீங்களும் சிரித்தீர்கள். படம் அந்த நேரத்தில் எடுத்தது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். பேச்சுவார்த்தை நடந்தது, சங்கிலி கழன்றது, சம்பளமும் கொஞ்சம் கூடியது. எல்லாரையும் உள்ளே எடுத்தார்கள், உங்களைத் தவிர. "எனக்காக நீங்க வெளிய நிக்காதீங்கடி" என்று மற்றவர்களை உள்ளே அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போனீர்கள். அடுத்த கிழமையே இடியப்பம் அவித்து விற்கத் தொடங்கினீர்கள். மில்லை அவர்கள் ஒரேயடியாக மூடிய நாள் வரைக்கும் அந்த வாசலுக்குள் உங்களை விடவில்லை. இப்போது உள்ளே, சுவரில், ஆள் உயரத்தில் நிற்கிறீர்கள். பூசைக்கு வந்த பெண்ணாக. அதை அப்படியே விட்டுவிட்டுப் பஸ் ஏற என்னால் முடியவில்லை.

பொறுப்பாளரைக் கேட்டேன். முக்காடு போட்ட ஒரு பிள்ளை வந்தாள். பெயர் நஸ்ரின், கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவள்; 'சொல்' அவள் பேச்சில் 'செல்' ஆகும். குறிப்பு பிழை என்றதும் முகம் இறுகியது.

"எப்படி சேர் செல்றீங்க? பட்டுச் சீலை, பூவு, பொட்டு. பூஜைக்கு உடுத்தின மாதிரித்தானே ஈக்கிது?"

"பூசையென்றால் காலில் செருப்போடு நிற்பார்களா, மகள்?"

குனிந்து பார்த்தாள். அத்தனை பேர் காலிலும் செருப்பு.

"வாசலுக்கு வெளிய தானே நிக்கிறாங்க. உள்ள போகக்கொள்ள கழட்டுவாங்க."

"சரி. இந்தப் பக்கம் இருக்கிற பெண்ணின் கழுத்தில் என்ன?"

"செபமாலை." கொஞ்சம் தயங்கினாள். "இவங்க வெள்ளை. போயாக்குப் போற மாதிரி." பிறகு படத்தின் மேல் மூலையைத் தானாகவே பார்த்தாள். கேற்றின் கம்பிகளைச் சுற்றி உள்ளிருந்து சங்கிலி. "யா அல்லாஹ். கோயில், சேர்ச், பன்சலை மூணுக்கும் ஒரே நாள்லயா சேர் போனாங்க?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

நான் நடந்ததைச் சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டாள். நல்ல நிருபராக வந்திருப்பாள். ஆனால் முடிவில், "சேர், 'ஆலைப் பெண் தொழிலாளர்கள்' எண்டு மட்டும் போட்டா நாளைக்கே மாத்தலாம். போராட்டம் எண்டு போட்டா கமிட்டில கேப்பாங்க, யார் செல்றது எண்டு" என்றாள்.

"நான் சொல்கிறேன். என் பெயரைப் போடு. அன்றைக்கு அங்கே நின்றவன் நான். கமிட்டி கேட்டால் நானே வந்து சொல்கிறேன்."

"அப்ப நடுவுல நிக்கிற இவங்க பேரும் வேணும், சேர். கதை இவங்கட தானே?"

அந்தப் பெயரை நானாகக் கொடுக்க முடியாது. அன்றைக்கு நான் செய்தி எழுதப் போகுமுன் உங்களிடம் பெயர் கேட்டேன். "போடாதீங்க. என் பேரைப் போட்டா நான் ஒருத்திதான் கெளப்பி விட்டேன்னு ஆவும். மத்தவளுக வேடிக்கை பாக்க வந்தவளுகளா?" என்றீர்கள். நான் போடவில்லை. உங்கள் வாசலில் எத்தனையோ தடவை தேத்தண்ணீர் குடித்திருக்கிறேன். என்னை விட வயதில் இளையவரான உங்களை, மில்லில் எல்லாரும் சொன்னார்கள் என்பதற்காக நானும் அக்கா என்றே கூப்பிட்டு, "நரைச்ச தம்பி வந்திருக்காரு" என்று உங்கள் கேலியும் வாங்கியிருக்கிறேன். அச்சில் ஒரு தடவைகூட உங்கள் பெயரை எழுதியதில்லை.

உங்கள் மகளுக்கு அங்கேயிருந்தே போன் எடுத்தேன். போன வருசம் உங்கள் செத்த வீட்டுக்குப் பிறகு அவளோடு கதைக்கவில்லை. விசயத்தைச் சொன்னதும் "அம்மா சிரிக்கிறாவா அங்கிள், படத்தில?" என்று கேட்டாள்.

"ஓம். நல்லாச் சிரிக்கிறா."

"அப்ப வேணாம்னு சொன்னது ஒருத்திதான் கெளப்பி விட்டான்னு மொதலாளி சொல்லிருவாருன்னு. இப்ப மில்லும் இல்ல, மொதலாளியும் இல்ல. போடுங்க. ஆனா அம்மா பேரை மட்டும் தனியப் போடாதீங்க. அவ எழும்பி வந்து உங்களைத்தான் ஏசுவா."

அவள் குரலில் நீங்கள்தான் பேசுவது போல் இருந்தது. ஏச்சுக்குப் பயந்தோ என்னவோ, நஸ்ரினிடம் எல்லாப் பெயரும் கொண்டுவந்து தருவதாகச் சொல்லிவிட்டேன். அவள் கமிட்டியில் பேசினாள். நானும் போய்ப் பேசினேன். ஒருவர் "இதெல்லாம் இப்ப தேவையா?" என்று கேட்டார். படத்தை மேசையில் வைத்து, செருப்பையும் செபமாலையையும் சங்கிலியையும் ஒவ்வொன்றாகக் காட்டினேன். அதன் பிறகு யாரும் பூசையைப் பற்றிப் பேசவில்லை. குறிப்பு மாறுகிறது. பெயர்கள் சேர்ந்ததும் புதுப் பலகை.

நிருபர் வேலையை விட்ட பிறகு நான் ஆட்களைத் தேடி வீடு வீடாகப் போனதில்லை. இப்போது போகிறேன். பையில் உங்கள் படத்தின் பிரதி. கொட்டாஞ்சேனை லேன்களில் பாதி மாடிக் கட்டடமாகிவிட்டது. பெயர் சொல்லி விசாரிக்க முடியாது, படத்தைத்தான் காட்ட வேண்டும். சிலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஒருவர் கனடாவில். எந்த வீட்டிலும் முதலில், "பெயரைப் போடலாமா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறேன். தொழிலில் கடைசி வரைக்கும் அப்படித்தான் செய்தேன். அது உங்கள் வாசலில் பழகியது.

நேற்று பேலியகொடைப் பக்கம், படத்தில் உங்களுக்கு இடப்புறம் வெள்ளை உடுப்பில் நிற்கும் சிங்களப் பெண்ணைக் கண்டுபிடித்தேன். காது மந்தம். படத்தை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். தன்னை விட்டுவிட்டு உங்கள் முகத்தில்தான் விரலை வைத்தார். நீங்கள் போனதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் விரலை எடுக்கவில்லை. பிறகு, பெயரைப் போடலாமா என்று நான் கேட்டதற்குச் சிங்களத்தில் உரக்கப் பதில் சொன்னார்:

"போடு மாத்தயா. முழுப் பெயரும் போடு. ஆனால் அவளுடைய பெயருக்குப் பக்கத்தில் போடு. நான் நின்றது அங்கேதான்."

நஸ்ரினிடம் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன், அக்கா. உங்கள் பெயர், அதற்குப் பக்கத்தில் அவர் பெயர்.