முப்பத்தைந்து வளைவு

மயிலாப்பூர்
22.6.2025, ஞாயிறு

அன்பு மருமகள் பூஜாவுக்கு அத்தை எழுதுவது.

கடிதம் என்றால் நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். உன்னிடம் அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. சாப்பிடுகிறாயா, அதை மட்டும் எழுது.

போனில் பேசினால் நீ அழுகிறாய், நான் அழுகிறேன், சொல்ல வந்தது நின்றுபோகிறது. அதனால்தான் எழுதுகிறேன். என்னோடு தி.நகர் கடையில் புடவை மடிக்கிற சாய்மா அடையாறில் உங்கள் அம்மா வீட்டுக்குப் பின்தெருவில்தான் இருக்கிறாள். அவளிடம் கொடுத்து அனுப்புகிறேன். நீயும் அவளிடமே கொடு. அஞ்சாம் வகுப்புக் கையெழுத்து, பார்த்துப் படித்துக்கொள்.

நீ போனில் கேட்ட பைக் ஆர்.சி. புக்கைத் தேடினேன். பீரோவில் இல்லை. வெங்கடேஷ் பையிலும் இல்லை. எங்கே வைத்தானோ. என் பிள்ளை கண்ணை மூடி நாலு மாசம் ஆகிறது, யாரைப் போய்க் கேட்பது.

வண்டி நன்றாக இருக்கிறது. தெருமுனை மெக்கானிக் குலாம் முகம்மது பாய் தினமும் காலையில் வந்து கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் போகிறார். இல்லாவிட்டால் பேட்டரி இறங்கிவிடுமாம். அந்தச் சத்தம் கேட்டால் நான் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுகிறேன். தினமும் வருகிறேன். தினமும் பாய்தான் நிற்கிறார்.

எதற்கம்மா உனக்கு இப்போது மலை? அதுவும் தனியாக, பைக்கில். பஸ் போகிறது, ரயில் போகிறது.

இப்படிக்கு
அத்தை சண்முகவடிவு

*

அடையாறு
28.6.2025

அன்புள்ள அத்தைக்கு,

சாப்பிடுகிறேன். நீங்கள் மத்தியானம் வெறும் டீயோடு நிறுத்திவிடுவதாகச் சாய்மா அக்கா சொன்னார்கள். என்னைக் கேட்கிறவர்கள் இப்படிச் செய்யலாமா?

மலை எதற்கு என்று கேட்டீர்கள். அவர் எழுதிவைத்த தாள் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஆகஸ்ட் 29, எங்கள் மூன்றாம் வருஷக் கல்யாண நாள், விடியற்காலையில் சென்னையிலிருந்து கிளம்புவது. முதலில் கொல்லிமலை, அப்புறம் வால்பாறை, கடைசியில் மூணாறு. எங்கே பெட்ரோல் போடுவது, எந்த ஊரில் தங்குவது, எந்த இடத்தில் நின்று மேகத்தைப் பார்ப்பது, எல்லாம் வரிசையாக எழுதியிருக்கிறார். கொல்லிமலை ஏற எழுபது வளைவு. 'முப்பத்தஞ்சு பூஜா, முப்பத்தஞ்சு நான்' என்று பிரித்துப் போட்டிருக்கிறார். திருவான்மியூர் பீச் ரோட்டில் எனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்ததே அதற்காகத்தான்.

அவர் வண்டியில் விழுந்து போகவில்லை அத்தை. மஞ்சள் காமாலையில் பதினோரு நாள் கட்டிலில் படுத்துப் போனார். வண்டி அவரை ஒன்றும் செய்யவில்லை.

வாரிசுச் சான்றிதழ் வந்துவிட்டது. மாமாவும் இல்லை என்பதால் அதில் நீங்கள், நான், ரெண்டே பேர். வண்டியை என் பேருக்கு மாற்றுவதில் உங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று ஒரு கையெழுத்து வேண்டும். தாளை இதோடு வைத்திருக்கிறேன். ஆர்.சி. தொலைந்துவிட்டதாக எழுதிக் கொடுக்க நாளைக்கு ஸ்டேஷனுக்குப் போகிறேன்.

உங்கள் பூஜா

*

மயிலாப்பூர்
6.7.2025, ஞாயிறு

அன்பு பூஜாவுக்கு,

தாள் வந்தது. டிவி மேலே வைத்திருக்கிறேன். காற்றுக்குப் பறக்காமல் தம்ளர் வைத்திருக்கிறேன். இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம். உன் முப்பத்தைந்தை நீ ஓட்டிவிடுவாய். அவன் முப்பத்தைந்தை யார் ஓட்டுவது? அதையும் நீதானே ஓட்ட வேண்டும். மழை நாள் வேறு. அடுத்த வருஷம் போயேன். நானும் வேண்டுமானால் பஸ்ஸில் அந்த மலைக்கு வருகிறேன். உனக்கு முன்னாலேயே போய் மேலே உட்கார்ந்திருக்கிறேன்.

சாய்மா சொன்னாள், கோயம்புத்தூரிலிருந்து உன்னைப் பார்க்க ஆட்கள் வந்தார்களாமே. நல்லதுதான். உனக்கு இருபத்தெட்டுதான் ஆகிறது. யாரும் தப்பாகச் சொல்லமாட்டார்கள். அவள் சொன்னபோது பட்டுப்புடவை மடித்துக்கொண்டிருந்தேன். மேலே வர வேண்டிய முந்தி உள்ளே போய்விட்டது. மூணு தடவை பிரித்து மடித்தேன். சூப்பர்வைசர் அசோகன் வந்து, "இன்னா ஆயா, கை இங்க கீது, ஆள் எங்க கீற?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நீ நேரில் வந்து சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அத்தை

*

அடையாறு
13.7.2025

அத்தைக்கு,

முந்தாநாள் டயர் மாற்றுவதைப் பற்றிக் கேட்க பாய்க்குப் போன் செய்தேன். ஆர்.சி. தொலைந்த கதையையும் சொன்னேன். "தொலைஞ்சிச்சா? யாரும்மா சொன்னது? உங்க அத்தை கைலதான் கீது. போன மாசம் இன்சூரன்ஸ் போட என்னாண்ட குடுத்துட்டு, மறுநாளே வந்து வாங்கிக்கினாங்களே" என்றார். டயர் பேச்சை முடிக்காமலே போனை வைத்துவிட்டேன்.

மூன்று தடவை ஸ்டேஷனுக்கு நடந்தேன். "எந்த இடத்துல தொலைஞ்சதுன்னு கரெக்டா சொல்லும்மா" என்கிறார்கள். என்ன சொல்ல?

கோபம் இல்லை என்று எழுதினால் பொய்.

கோயம்புத்தூர்க்காரர்கள் வந்தது நிஜம். அம்மாதான் வரச் சொன்னாள். காபி குடித்தார்கள், போனார்கள். மலைக்குப் போய்வந்துதான் எந்தப் பேச்சும் என்று சொல்லிவிட்டேன். உங்களிடம் நானே சொல்லியிருக்க வேண்டும். தைரியம் வரவில்லை. அது என் தப்பு.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், அதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். உங்களுக்குப் பயம் ரோட்டைப் பார்த்தா, என்னைப் பார்த்தா?

பூஜா

*

மயிலாப்பூர்
20.7.2025, ஞாயிறு

பூஜா கண்ணு,

புக் என்னிடம்தான் இருந்தது. நீ முதல் தடவை போனில் கேட்டபோதே அது என் கையில் இருந்தது. புக் என்கிறார்கள், உள்ளங்கை அகல அட்டை. அதில் அவன் பேரும், அதுக்குக் கீழே அவங்க அப்பா பேரும் இருக்கிறது. ரெண்டு பேரும் ஒன்றாக இருக்கிற இடம் வேறெதுவும் இந்த வீட்டில் இல்லை.

உன்னை ஸ்டேஷன் படி ஏறவைத்தது பாவம். பாவம் என்று தெரிந்தேதான் செய்தேன். மன்னித்துவிடு என்று கேட்கவும் கூச்சமாக இருக்கிறது.

நீ கேட்டதற்கு வருகிறேன். ரோட்டைப் பார்த்தும் பயம்தான். ஆனால் அது மட்டும் இல்லை. வண்டி என் வாசலில் நிற்கிற வரைக்கும் உனக்கு இங்கே ஒரு வேலை இருக்கும். கேட்டு எழுதுவாய். கோபத்திலாவது எழுதுவாய். ஒரு பேரப்பிள்ளை இருந்திருந்தால் அதைச் சாக்காக வைத்து வருவாய். அதுவும் இல்லை. வண்டியும் போய்விட்டால் நீ எதற்கு இந்தத் தெருவுக்குள் வரணும்? இதை எழுதத்தான் உட்கார்ந்தேன் அன்றைக்கு. கை வரவில்லை. காணோம் என்று எழுத வந்தது, எழுதிவிட்டேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். அசோகன் முழுசும் படித்துக் காட்டினார். எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை என்று இருக்கிறது அதில். எனக்கு இருக்கிறது. இருந்தும் போட்டேன். வேறு என்ன செய்ய என்னால்?

கோயம்புத்தூர் பேச்சு நல்லபடியாக அமைந்தால் நீ சரி என்று சொல்லு. என்னிடம் வந்து கேட்காதே. கேட்டால் நான் நல்லது என்றுதான் சொல்வேன், ஆனால் என் முகத்தை நீ பார்த்துவிடுவாய்.

வண்டி எடுக்க சனிக்கிழமை நீயே வருவதாகச் சாய்மாவிடம் சொன்னாயாம். இத்தனை மாசமும் அதைத்தான் எதிர்பார்த்துக் கிடந்தேன். வர வேண்டாம் கண்ணு. வந்தால் உட்காரச் சொல்வேன், சாப்பிடச் சொல்வேன், உனக்குப் பிடித்த மீன் குழம்பு வைப்பேன், கடைசியில் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டே நிற்பேன். என்னை எனக்குத் தெரியும்.

பாய் உன் வாசலிலேயே கொண்டுவந்து விட்டுவிடுவார். சாவியையும் அட்டையையும் கையெழுத்துப் போட்ட தாளையும் அவரிடம் கொடுத்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். சனிக்கிழமை நான் கடைக்குப் போய்விடுவேன். வீடு பூட்டியிருக்கும்.

அத்தை