இரண்டு கையும் வேண்டிய கடிகாரம்

அன்புள்ள அம்மாவுக்கு, நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? இங்கே மாமா வீட்டில் படிப்புக்குக் குறையில்லை.

குட்டி விமானம் ஓட்டப் பழகிவிட்ட மாமா, விலையுயர்ந்த கைக்கடிகாரம் வாங்க என்னையும் கூட்டிப்போனார். ஆபத்தில் அதிலுள்ள கம்பியை உருவினால், மீட்புப் படைக்கு நம் இடம் தெரிந்துவிடுமாம். மாமா தங்கநிறக் கடிகாரத்தை எடுத்தார்.

"கம்பியை உருவ, முதல்ல இதோட மூடியை ரெண்டு கையாலயும் திருகணும் சார்," என்றார் கடைக்காரர்.

"விமானம் ஓட்டுறப்ப உங்களுக்கு ஏது மாமா ரெண்டு கை?"

"திருகறதுக்குத்தாண்டி பயந்தாங்கொள்ளி, பரீட்சை முடிஞ்சதும் உன்னை ஏத்திக்கிட்டுப் போகப்போறேன்!"

கடையே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

அன்றிலிருந்து தூக்கமில்லை அம்மா. போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். உன் பழைய புடவை ஒன்று அனுப்பு, குளிருகிறது. மாமாவுக்குப் போன் போட்டு, எனக்கு உயரம் ஒத்துக்கொள்ளாது என்று நீயாகச் சொல். நான் எழுதியதாகச் சொல்லிவிடாதே. அத்தையின் காலடிச் சத்தம் கேட்கிறது.

உன் மகள்